வீட்டிலிருந்தே மாவு வியாபாரம்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"சும்மா வீட்லதானே இருக்கே, நாலு பேருக்கு மாவு அரைச்சுக் கொடுத்தா என்ன?" இந்த ஒரு வரியில்தான் தமிழ்நாட்டில் பாதி வீட்டுத் தொழில்கள் பிறந்திருக்கின்றன. அந்த "சும்மா" என்கிற சொல்லுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதில் தொடங்கி, கிரைண்டர், கரண்ட், கட்சிக்காரர், கடன் சொல்லும் பக்கத்து வீட்டம்மா வரை இங்கே பேசியிருக்கிறோம்.

ஒரு கிலோ இட்லி மாவுக்கு என்ன விலை வைக்கலாம்? பக்கத்துத் தெருவில் 50 ரூபாய்க்குக் கொடுக்கிறார்களே?

கணக்குப் போட்டுவிட்டுப் பேசுவோம். இட்லி அரிசி கிலோ 50, உருட்டு உளுந்து கிலோ 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் விலை வேறானால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், கணக்கு இதேதான்.

4 கிலோ அரிசி 200 ரூபாய். 1 கிலோ உளுந்து 130. வெந்தயமும் உப்பும் 10. ஆக 340. கரண்டும் தண்ணீரும் 20, கவர் 33, ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் 25. மொத்தம் 418 ரூபாய். இதிலிருந்து சுமார் 11 கிலோ மாவு வரும். கிலோவுக்கு 38 ரூபாய்தான் அடக்கம், 50-க்கு விற்றால் 12 ரூபாய் லாபம் என்று இந்த இடத்தில் நோட்டை மூடுகிறவர்கள் அதிகம். அப்படி மூடியவர்கள் ஆறாவது மாதம் கிரைண்டரை விற்கிறார்கள்.

ஒரு கிலோ எப்போதும் மிஞ்சும். யாராவது "நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்பார்கள், அல்லது நம் வீட்டு இட்லிப் பானைக்கே போகும். ஆகவே விற்பது 10 கிலோ. 500 ரூபாய் வரவில் 418 போனால் கையில் 82. இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். களைந்து ஊறவைக்க 20 நிமிடம், அரைக்க ஒன்றே முக்கால் மணி, கிரைண்டர் கழுவ 25 நிமிடம், எடைபோட்டுக் கட்ட 40 நிமிடம், கொண்டுபோய்க் கொடுக்கவும் வாட்ஸ்அப்பில் "அக்கா மாவு இருக்கா?" என்பவர்களுக்குப் பதில் போடவும் 50 நிமிடம். சரியாக நாலு மணி நேரம். மணிக்கு இருபது ரூபாய் சொச்சம்.

உங்கள் வேலைக்கு மணிக்கு 60 ரூபாய் என்று எழுதுங்கள், 240 ஆகிறது. 18,000 ரூபாய் கிரைண்டர் ஐந்து வருடம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் நாளைக்கு 12 ரூபாய் தேய்கிறது. எல்லாம் சேர்த்தால் 670. பத்தால் வகுத்தால் 67. எனவே 70 ரூபாய்க்குக் குறைந்து விற்றால் அது வியாபாரம் இல்லை, அன்னதானம். அன்னதானம் நல்ல காரியம்தான், ஆனால் அதற்கு ஸ்கூட்டியில் டெலிவரி தேவையில்லை.

பக்கத்துத் தெருக்காரர் 50-க்கு எப்படிக் கொடுக்கிறார்? ஒன்று, 50 கிலோ அரிசி மூட்டையாக வாங்கி ஒரு நாளில் 60 கிலோ மாவு அரைக்கிறார். இல்லையென்றால் மாவில் தண்ணீர் அரைக்கிறார்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் அவசியமா? நாலு வீட்டுக்குத்தானே கொடுக்கிறேன்.

அவசியம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டு அடுப்படியில் செய்து விற்றாலும் நீங்கள் உணவு வணிகர். 2011-இல் வந்த விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரையுள்ளவர்களைச் சிறு வணிகர் என்று வகுத்து, உரிமம் இல்லாமல் வெறும் பதிவு போதும் என்றன. அந்த விதிகள் வைத்த கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வருடத்துக்கு 300 நாள் அரைத்தால் நாளொன்றுக்கு 33 காசு. புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று வைத்துக்கொண்டு ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வரம்பும் கட்டணமும் விண்ணப்பிக்கும் அன்று எப்படி இருக்கின்றன என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். "மேடம், 2,500 ரூபாய் கொடுத்தா முடிச்சுத் தரேன்" என்று போன் செய்பவர் அந்தச் சிறு கட்டணத்தைத்தான் உங்கள் பெயரில் கட்டப்போகிறார்.

கிடைப்பது 14 இலக்க எண். அதைக் கவரில் அச்சிட வேண்டும். கூடவே உங்கள் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கட்டிய தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், புகாருக்குத் தொடர்பு எண். அந்த எண்ணுக்கு உங்கள் சொந்த செல் நம்பரைப் போட்டால் ராத்திரி பத்தரைக்கு "இட்லி கல்லு மாதிரி வந்துருச்சு" என்று அழைப்பு வரும். வீட்டில் சும்மா இருக்கும் இன்னொரு செல்லின் நம்பரைப் போடுங்கள்.

எடைபோடும் தராசும் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சமையலறைத் தராசு இதற்கு ஆகாது.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்கு எவ்வளவு செலவு?

ஒரு பைசாவும் இல்லை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டரைக் கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ள நிறுவனம் "குறு நிறுவனம்". ஆக, சட்டப்படி உங்கள் டில்டிங் (சாய்த்து மாவு எடுக்கும்) கிரைண்டரும் இரண்டு கோடி ரூபாய் ஆலையும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். முத்ரா கடனில் "சிசு" பிரிவு 50,000 ரூபாய் வரை, அடமானம் இல்லாமல். அதற்கு வங்கிக்குப் போகும்போது இந்தச் சான்றிதழும் முன்சொன்ன கணக்கும் கையில் இருக்கட்டும். மேலாளர் "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றுதான் முதலில் கேட்பார். கேட்கட்டும்.

ஜி.எஸ்.டி. கட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் மாவாக, அதாவது சரக்காக விற்கும் வரை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழ் பதிவே வேண்டாம். 70 ரூபாய் மாவில் 40 லட்சம் என்றால் வருடத்துக்கு 57,000 கிலோ. அந்த நிலைமை வந்தால் ஆடிட்டரே உங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். பதிவு இல்லாமல் பில்லில் "ஜி.எஸ்.டி. தனி" என்று வசூலிப்பது மட்டும் குற்றம், அதைச் செய்யாதீர்கள்.

இட்லி மாவுக்கும் டெல்லிக்கும் ஒரு பழைய கதை உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மாவுக்கு 18 சதவீதம் போட்டார்கள். செப்டம்பரில் 12 ஆயிற்று, நவம்பரில் 5. நாலைந்து மாதத்தில் மூன்று விகிதம். மார்கழி மாதத்து மாவுகூட இதைவிட நிதானமாகத்தான் புளிக்கும். ஆனால் அது பொங்கும், இது இறங்கியது.

மாவு சில நாள் பொங்குகிறது, சில நாள் அப்படியே கிடக்கிறது. எங்கே தப்பு?

புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் வருகின்றன, எனவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறோம்.

அளவு: 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ முழு வெள்ளை உளுந்து, 25 கிராம் வெந்தயம். அரிசி நாலைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்து ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும், வெந்தயத்தையும் அதோடு போடலாம். உளுந்தை ஊறவைத்த பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஏன் என்பது கீழே.

முதலில் உளுந்து. சுமார் ஒன்றரை லிட்டர் ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 30 முதல் 40 நிமிடம் ஓட்டுங்கள். மொத்தமாக ஊற்றினால் உளுந்து கல்லுக்கு அடியில் மாட்டாமல் வழுக்கி ஓடும், பொங்காது. கல் உரசி உரசி மாவு சூடாகும். சூடான உளுந்து மாவு காற்றைப் பிடித்து வைக்காது, கவருக்குள்ளேயே சீக்கிரம் புளித்தும் விடும். ஐஸ் தண்ணீரும் ஃப்ரிட்ஜும் இதற்காகத்தான். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஆகவில்லை, அல்லது உளுந்து பழசு. எவ்வளவு நேரம் அரைத்தாலும் பழைய உளுந்து நுரைக்காது. மூட்டை வாங்குமுன் கால் கிலோ வாங்கி அரைத்துப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

பிறகு அரிசியை இரண்டு ஈடாக, மெல்லிய ரவை பதத்துக்கு. இரண்டு ஈட்டுக்கும் சேர்த்து இரண்டேகால் லிட்டர் தண்ணீர். உப்புச் சேர்த்துக் கையால் கலக்குங்கள். உளுந்தும் அரிசியும் தனித்தனியாக நின்றால் மேலே நுரை, கீழே கஞ்சி.

சென்னை மே மாதத்தில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். டிசம்பர் கோயம்புத்தூரில் பன்னிரண்டுக்கு மேல். ஊட்டியில் வாழ்பவர்கள் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்துவது வேடிக்கைக்காக அல்ல. அதனால் விற்பதற்குப் புளிக்காத மாவைக் குளிர்ந்த நிலையில் கொடுத்து, "வாங்கியதும் வெளியே வைத்துப் பொங்க விடுங்கள், பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்" என்று எழுதிக் கொடுப்பதே நல்லது. உங்கள் வீட்டிலேயே புளித்த மாவை அனுப்பினால் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேரும்போது அது தோசைக்குக்கூட யோசிக்கும்.

கவர் வெடித்துவிட்டது. வாடிக்கையாளர் வீட்டு ஃப்ரிட்ஜ் முழுக்க மாவு.

மாவு புளிக்கும்போது உள்ளே கரியமில வாயு உண்டாகிறது. கவரை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பிக் காற்றுப் புகாமல் ஒட்டினால் அது எங்கே போகும்? மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள், ஒட்டிய இடத்துக்குக் கீழே ஊசியால் ஒரு துளை போடுங்கள்.

இதைவிட நல்ல வழி தூக்குச் சட்டி. ஒரு கிலோ எவர்சில்வர் டப்பாவில் கொடுத்துவிட்டு மறுநாள் காலி டப்பாவை வாங்கிக்கொள்ளலாம். கவர் செலவு 3 ரூபாய் மிச்சம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கைப்பிடி வைத்த கேரி பேக் எத்தனை மைக்ரானாக இருந்தாலும் கூடாது. அந்தக் கவலையும் போகும். ஒரே இடைஞ்சல், டப்பாக்கள் திரும்பி வரா. வந்தாலும் மூடி வராது. டப்பாவுக்கு 100 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், மூடிகள் அதிசயமாகக் கிடைத்துவிடும்.

பாதி அரைக்கும்போது கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் பல மணி நேரம் நிறுத்துவார்கள், முன்கூட்டியே அறிவிப்பும் வரும். படித்துவிட்டு ஊறவைப்பது ஒன்றே தீர்வு.

சொல்லாமல் போனால், உளுந்து மாவை வழித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஊறும் அரிசியின் தண்ணீரை மாற்றுங்கள். கரண்ட் வந்ததும் மாவோடு அப்படியே சுவிட்சைப் போடாதீர்கள். கெட்டி மாவில் கல் இறுகியிருக்கும், மோட்டார் திணறும், பெல்ட் வழுக்கிக் கீச்சென்று கத்தும். பாதி மாவை எடுத்துவிட்டு ஓடவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். மோட்டார் "உம்ம்" என்று முனகி, கல் சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். உடனே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிக் கெப்பாசிட்டர் செலவு மோட்டார் செலவாகிவிடும். ஒரு பெல்ட்டும் ஒரு கெப்பாசிட்டரும் வீட்டில் இருப்பு வைப்பது கோவிலுக்கு எண்ணெய் வாங்கி வைப்பது மாதிரி.

கரண்ட் பில் எகிறுகிறது. கிரைண்டர்தானே காரணம்?

பாவம் கிரைண்டர். அரைக் குதிரைத் திறன் மோட்டார் ஒன்றே முக்கால் மணி ஓடினால் ஒரு யூனிட்டுக்குள்தான். மாவுக்கென்று வாங்கிய இரண்டாவது ஃப்ரிட்ஜ்தான் 24 மணி நேரமும் குடிக்கிறது. இரண்டும் சேர்த்து நாளைக்கு மூன்றரை யூனிட் என்று கொண்டால் இரண்டு மாதத்துக்கு 210. வீட்டுக்கு ஏற்கெனவே 350 ஓடினால் மொத்தம் 560.

வில்லங்கம் அங்கேதான். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய 60 யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை இல்லை, அந்தப் பில்லுக்கே வேறு கட்டணப் படிவரிசை. 2025-இல் இருந்த கட்டணப்படி முதல் 100 இலவசம் என்பது மட்டும் அப்படியே இருந்தது, அடுத்த 100-க்குக் கிடைத்த சலுகை விலை போயிற்று. ஃப்ரிட்ஜில் ஐந்து கிலோ மாவை மூன்று நாள் வைத்திருப்பதைவிட அன்றன்று ஆர்டருக்கு மட்டும் அரைப்பது இதனாலும் லாபம்.

இன்னொரு கணக்கும் இதில் ஒளிந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குக் கிடையாது என்று விதி வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு 560 என்றால் ஆண்டுக்கு 3,360. கோடையில் ஒரு ஏ.சி. கூடுதலாக ஓடினால் போயிற்று. வீட்டு வேலைக்கு மதிப்பு உண்டு என்று சொல்லிக் கொடுத்த தொகை, அந்த வீட்டிலேயே கூடுதலாக வேலை செய்தால் கைவிட்டுப் போகலாம். சிரிப்பதா அழுவதா என்று முடிவு செய்வதற்குள் உளுந்து ஊறிவிடும்.

தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் 500 இட்லி கேட்கிறார்கள். எடுக்கலாமா?

தாராளமாக. எந்தக் கொடி என்று இட்லிக்குத் தெரியாது. ஆனால் மூன்று விஷயம்.

முழுப் பணமும் முன்கூட்டியே. "அண்ணன் கொடுத்துடுவார்" என்பவரிடம் அந்த அண்ணனின் செல் நம்பரைக் கேளுங்கள். வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு தோற்ற அண்ணன் எடுக்கமாட்டார், ஜெயித்த அண்ணன் எடுக்கவே மாட்டார்.

பில் கொடுங்கள். சாப்பாட்டுச் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏற வேண்டியது. மாவட்டத் தேர்தல் அலுவலர் அதற்கென்றே விலைப்பட்டியல் வைத்திருப்பார், அதில் டீக்கும் டிபனுக்கும்கூட விலை உண்டு. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட தேர்தல் செலவைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோதான் கொடுக்க வேண்டும். ரொக்கமாகக் கட்டுக் கட்டாக நீட்டினால் வங்கி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பறக்கும் படை. நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆவணம் காட்ட வேண்டும். 70 ரூபாய் மாவில் அவ்வளவு சேர 715 கிலோ விற்க வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக உளுந்து வாங்கப் போகும்போது பணம் சேரும். முந்தைய பில்களும் வங்கியில் எடுத்த சீட்டும் பையில் இருக்கட்டும்.

வேட்பாளர் உங்கள் கடைக்கு வந்து கேமரா முன்னால் தோசை சுடுவேன் என்றால் மறுக்க முடியாது. பழகிய நல்ல கல்லை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

2011-இல் கொடுத்த இலவச கிரைண்டரில் தொடங்கலாமா?

வீட்டுக்கு அரைக்கலாம். அது டேபிள் டாப் அளவு. தினமும் 5 கிலோ அரிசி, பருப்பு போட்டால் மோட்டார் உங்களுக்கு முன்னால் ஓய்வு கேட்கும். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்தான் இந்த வேலைக்கு.

சொந்தக்காரர்களிடம் காசு கேட்பது எப்படி?

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் க்யூ.ஆர். அட்டையை மாவு டப்பாவின் மூடியில் ஒட்டுங்கள். மூடி கேட்கட்டும். நாத்தனார், கொழுந்தியாள், சின்ன மாமியார் ஆகியோருக்கு முதல் கிலோ இலவசம், அடுத்ததிலிருந்து கிலோவுக்கு 5 ரூபாய் தள்ளுபடி என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் உறவும் நிற்கும், கணக்கும் நிற்கும். மாமியாருக்கு எப்போதும் இலவசம். பதிலுக்கு அவர் உளுந்துப் பதம் பார்த்துச் சொல்வார், அதற்குச் சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

பணம் அனுப்பிவிட்டேன் என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறார்கள். நம்பலாமா?

ஸ்கிரீன்ஷாட் செய்யத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பையன் எல்லாத் தெருவிலும் இருக்கிறான். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதா என்று மட்டும் பாருங்கள். "பணம் வர பின் நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது திருட்டு. பணம் பெறப் பின் நம்பர் வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

"வீட்டிலிருந்தபடியே பென்சில் பேக்கிங், மாதம் 30,000, பதிவுக் கட்டணம் 1,500" விளம்பரமும் இதே ரகம். பென்சில் மெஷினில் பேக் ஆகிறது. பேக் ஆவது நம் 1,500.

விடுமுறை எடுக்கலாமா? எடுத்தால் வாடிக்கையாளர் போய்விடுவார்களே?

வாரத்தில் ஒரு நாள் அவசியம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனி இரவும் ஞாயிறும்தான் விற்பனை உச்சம். செவ்வாய் அல்லது புதன் சரிவரும். வியாழனன்றே "வரும் செவ்வாய் மாவு கிடையாது" என்று ஸ்டேட்டஸ் போடுங்கள். திங்கள் இரவு ஒன்பதரைக்கு யாராவது "அக்கா, ஒரே ஒரு கிலோ" என்று நிற்பார்கள். அவர்களுக்கென்று கொஞ்சம் எடுத்து வைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் என்ன டிபன் என்று கேட்டால் உப்புமா என்று தைரியமாகச் சொல்லலாம், அதற்கு ஊறவைக்க வேண்டியதில்லை.